பஸ் இல்லாத படி

எனக்கு நீங்கள் நடத்திய பிரிவுபசாரக் கூட்டத்தில், பொன்னாடை எல்லாம் முடிந்த பிறகு, உங்களில் ஒருவர் எழுந்து கேட்டார்: "மேடம், ரெண்டு ஆய்வோட தரவை ஒண்ணாச் சேர்க்கும்போது முதல்ல எதைப் பாக்கணும்?"

"வெந்நீர் யார் போடறாங்கன்னு பாருங்க" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். அதற்குள் காப்பி வந்துவிட்டது, பேச்சு கலைந்துவிட்டது. நான் வேடிக்கைக்குச் சொன்ன பதில் அல்ல அது. அன்று விளக்கிச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். எழுபதுகளின் நடுவில் நடந்தது. அந்த வருடங்களின் நாட்குறிப்புகள் பத்திரமாக இருப்பதால், யார் என்ன சொன்னார்கள் என்பதில் நான் அதிகம் கூட்டிக் குறைத்திருக்க மாட்டேன்.

அப்போது நான் பாலக்காட்டில் ஒரு சுகாதார ஆய்வு அலுவலகத்தில் புள்ளியியல் உதவியாளர். கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில் அறுபது வயது தாண்டியவர்களை வருடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்ப்போம். அதே ஆட்கள், அதே கேள்விகள். கண் எப்படி, நடை எப்படி, சாப்பாடு எப்படி, போன வருடத்துக்கு இந்த வருடம் என்ன மாற்றம். இதே வேலையை இடுக்கியில் வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இன்னொரு குழு தனியாகச் செய்துகொண்டிருந்தது. இரண்டும் சிறிய ஆய்வுகள். சில ஊர்களை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு வருடத்தில் படுக்கையில் விழுந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அது தற்செயலா, காரணம் ஏதாவது உண்டா என்று சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்தால் ஏதாவது தெரியும் என்று மேலிடம் நினைத்தது. நியாயமான நினைப்புதான்.

அதோடு இன்னொன்றையும் முடிச்சுப் போட்டார்கள். முதியவர்களுக்காக டாக்டரையும் மருந்தையும் ஏற்றிக்கொண்டு வாரம் ஒரு முறை போகும் ஜீப் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அப்போது மலையில் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டு அறிக்கை வந்ததும், எந்தப் பகுதியில் முதியவர்கள் அதிகம் தளர்ந்திருக்கிறார்களோ அந்தப் பகுதிக்கு ஜீப்பைக் கொடுப்பது என்று முடிவு.

மலைக்குழுவின் அட்டைகளை எடுத்துக்கொண்டு செல்லத்தாய் பாலக்காட்டுக்கு வந்தார். தோட்டத்து நர்ஸ், என் வயதுதான் இருக்கும். ஒரு தகரப்பெட்டி நிறைய அட்டைகள். பெட்டியைத் திறந்ததும் அலுவலகம் முழுக்க ஏலக்காய் மணத்தது. பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் ஏதோ பாயசம் வைக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள்.

"ஏலக்காய் வந்த பெட்டிக்கா. வேற பெட்டி இல்ல" என்றார் செல்லத்தாய். பிறகு, சுற்றி வளைக்காமல் கேட்டார்: "ஜீப்பைக் கீழ இறக்கப் போறாங்களாமே, நெசமா?"

"இன்னும் கணக்கே போடலை" என்றேன்.

"போடும்போது எங்க பேச்சியம்மாவை ஞாபகம் வச்சுக்கோங்க. நெஞ்சுல நீர் கோத்துக்கிடும். கால் ரெண்டும் தூணு மாதிரி வீங்கிரும். ஜீப்பு கொண்டாற மாத்திரையிலதான் நடமாடுது. ஜீப்பு நின்னுச்சுன்னா பேச்சியம்மா ஒரு மழைக்காலம் தாங்காது."

நினைவு வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது என்று அவரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, மறந்துட்டாவது ஒழுங்காப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

இரண்டு குழுக்களுக்கும் பொதுவாக இருந்த கேள்விகள் நான்கு. சாப்பிட, உடுத்த, குளிக்க, வீட்டுக்குள் நடக்க. ஒவ்வொன்றுக்கும் 'தானாக', 'உதவியோடு' என்று இரண்டே பதில்கள். வார்த்தைகூட ஏறக்குறைய ஒன்றுதான். இவ்வளவு பொருத்தமாக அமைந்ததில் எங்கள் அலுவலகத் தலைவருக்கு மகிழ்ச்சி. அவரை 'சார்' என்றே எழுதுகிறேன். நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். என்னைப் போலவே அவரும் பழைய பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். விவரமானவர், நல்லவர், அவசரக்காரர்.

அட்டைகளைப் பிரித்து அடுக்கி முடித்தபோது பதில் மேசையிலேயே தெரிந்தது. சமவெளியின் 'உதவியோடு' அடுக்கு உயரமாக நின்றது. மலையின் அடுக்கு படிந்து கிடந்தது. அதிலும் குளியல் கேள்வியில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தது.

"பாத்தாயா, மலைக்காத்தாக்கும்" என்றார் சார். "ஏறி எறங்கி நடக்கறா. உடம்பு கெட்டிப்பட்டுடறது. நம்ம ஊர்க்காரா வெயில்லே சோந்து போறா. இதுலே அதிசயம் என்ன இருக்கு?"

எனக்கும் அதிசயமாகத் தோன்றவில்லை. இதை உங்களுக்காக அடிக்கோடிடுகிறேன்: ஒரு முடிவுக்கு விளக்கம் அத்தனை சுலபமாகக் கிடைத்துவிட்டால் யாரும் முடிவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அறிக்கையின் முதல் பகுதியை நானே தட்டச்சுக்குக் கொடுத்தேன்.

அந்த வாரம் வேறொரு வேலையாகக் கொழிஞ்சாம்பாறை போயிருந்தேன். திரும்ப பஸ்ஸுக்கு நிற்கும்போது பொள்ளாச்சி வண்டி வந்தது. கூட்டத்தில் ஒரு பெரியவர் தோளில் நிலக்கடலை மூட்டையோடு, கம்பியைக்கூடப் பிடிக்காமல் ஏறினார். ஏறியவர் திரும்பி, பின்னால் தடுமாறிய ஒரு பெண்ணின் கூடையையும் வாங்கி உள்ளே வைத்தார். பார்த்த முகம். நாச்சிமுத்து. எங்கள் ஆய்வில் தொடக்கத்திலிருந்தே இருப்பவர். முந்தின நாள்தான் அவர் அட்டையை 'குளிக்க உதவியோடு' அடுக்கில் என் கையால் வைத்திருந்தேன்.

தப்பாகக் குறித்துவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். சனிக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். அப்போதுதான் எண்ணெய்க் குளியல் முடித்து, வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து தலை காயவைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மிணி. வருசக் கணக்குக்கு இன்னும் நாளு இருக்குதுங்களே?"

"கணக்கு இல்லீங்க, ஒரு சந்தேகம். குளிக்க உதவி வேணும்னு நீங்க சொன்னதா எழுதியிருக்கு."

"ஆமாங்க. பையன் எண்ணெ தேச்சு உடுவான். மருமக தண்ணி காய வெச்சுக் கொண்டாந்து வெப்பா. பையன் ஊத்தி உடுவான்."

"நீங்களே ஊத்திக்க முடியாதுங்களா?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல் என்னைப் பார்த்தார். "முடியாம என்னங்க? போன மாசம் கெணத்துல எறங்கித் தூரு வாருனதே நாந்தானுங்க. பையனுக்குக் கண்ணாலம் பண்ணி, பொறுப்பக் கைமாத்தி உட்ட பொறகு, நானே தண்ணி மொண்டு ஊத்திக்கிட்டு நின்னா ஊரு என்னங்க பேசும்? அப்பன அம்போன்னு உட்டுட்டான்னு பையனத்தான் பேசும்."

உள்ளேயிருந்து மருமகளின் குரல் வந்தது. "பேசுனாப் பேசட்டுமுங்க மாமா. ஒரு வாரம் நீங்களே ஊத்திக்கோங்க. நானும் சித்த உக்காந்துக்கறேன்."

"கேட்டீங்களா அம்மிணி? அடுத்த வருசம் 'தானாக் குளிக்கறான்'னு எளுதிக்கோங்க. எங்க மருமக புண்ணியம்."

அட்டையில் தவறே இல்லை. களப்பணியாளர் கேட்டதைக் கேட்டிருக்கிறார், நாச்சிமுத்து உள்ளதைச் சொல்லியிருக்கிறார். உதவி வாங்கித்தான் குளிக்கிறார். எங்கள் கேள்வி அவர் உடம்பை அளக்கவில்லை; அந்த வீட்டில் மகனும் மருமகளும் வெந்நீரும் இருப்பதை அளந்திருக்கிறது. பஸ்ஸில் திரும்பி வரும்போது இதன் மறுபாதி எனக்கு உறைத்தது. இங்கே 'உதவியோடு' என்றால் உதவ ஆள் இருக்கிறது என்று பொருளானால், மலையில் 'தானாக' என்பதற்கு என்ன பொருள்?

சாரிடம் சொன்னேன். தட்டச்சான தாள்கள் அவர் மேசையில் இருந்தன. அறிக்கையைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியிருந்தது.

"சரி, குளிக்கறதை எடுத்துடு. மத்த மூணையும் வச்சுப் போடு" என்றார்.

"மத்ததும் அப்படித்தான் சார். அங்கே தொழிலாளிகளோட லயத்து வீடுன்னா வரிசையிலே ஒரே அறை. வீட்டுக்குள்ளே நடக்கறதுன்னா பாயிலேருந்து அடுப்பு வரைக்கும். இங்கே வாசல், முற்றம், தொழுவம்னு இருக்கு. நடை ஒண்ணா இருந்தாலும் வீடு ஒண்ணில்லே."

அவர் பேனாவை மூடி வைத்தார். "குத்தம் கண்டுபிடிக்கறது ஆச்சு. பின்னே எதைத்தான் கேக்கறது? யார் ஆத்துக்குப் போனாலும் ஒரே மாதிரி இருக்கற கேள்வி ஒண்ணு சொல்லேன், கேக்கறேன்."

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

"மலைக்குப் போய்ப் பாத்துட்டு வா. வரச்சே வழியோட வா. வழி இல்லேன்னா இதை அப்படியே அனுப்பிடுவேன், கேட்டயா?"

வண்டன்மேட்டுக்கு அந்தக் காலத்தில் நாங்கள் தமிழ்நாடு வழியாகவே போவோம். பொள்ளாச்சி, பழனி, வத்தலக்குண்டு, தேனி, கம்பம், அப்புறம் மலைப்பாதை. ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி வேறு பஸ். மலைக்குழுவின் தகரப்பெட்டி காலடியில் இருந்தது. வேறு வேலை இல்லாததால் ஜன்னலோரம் உட்கார்ந்து வயதானவர்கள் ஏறுவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். நாச்சிமுத்து மூட்டையோடு ஏறியது மனத்தில் நின்றதுதான் காரணமாக இருக்க வேண்டும். தேனி தாண்டிய பிறகுதான் புரிந்தது, நான் பார்த்துக்கொண்டிருப்பதே விடை என்று. பஸ்ஸில் ஏற ஒரு படி இருக்கிறது. எந்த ஊர் பஸ்ஸானாலும் உயரம் கிட்டத்தட்ட அதேதான். பணக்காரர் வீட்டுக் கிழவருக்கும் லயத்துக் கிழவிக்கும் அதே படி. மகன் அப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றலாம். அப்பாவுக்காக மகன் படி ஏற முடியாது.

கம்பத்தில் வண்டி நின்றிருந்தபோது பையிலிருந்து தையல் டேப்பை எடுத்துப் படியின் உயரத்தை அளந்தேன். நடத்துநர் டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, பஸ்ஸுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"பாவாடை" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. இந்த நடத்துநர் பின்னால் ஒரு முறை வருவார்.

வண்டன்மேட்டில் செல்லத்தாய் ஒரு ஆசாரியைப் பிடித்துத் தந்தார். ஆசாரி பஸ் படி உயரத்துக்கு, ஒரு ஆள் இரண்டு காலையும் வைத்து நிற்கும் அகலத்துக்கு, பலாப் பலகையில் ஒரு படி செய்து கொடுத்தார். விதியையும் அன்றே எழுதிக்கொண்டேன். எதையும், யாரையும் பிடிக்காமல் ஏறி, நின்று, இறங்க வேண்டும். ஏறினாரா, இல்லையா. அவ்வளவுதான். மிகச் சுத்தமான அளவு கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே உற்சாகம்.

படியைத் தூக்கிக்கொண்டு முதலில் போனது பேச்சியம்மாள் வீட்டுக்கு. லயத்தின் கடைசி அறை. அறுபதைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகியிருக்கும். செடியில் காய் எடுக்கும் வேலை முடியாமல் போய், ஸ்டோரில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வேலையில் பெயர் இருக்கும் வரை அறை இருக்கும்.

முதலில் பழைய கேள்வியையே கேட்டேன். "குளிக்க யாராவது உதவி செய்யறாங்களா?"

"எனக்கு யாரு இருக்கா தாயி? எல்லாம் நானேதான்."

செல்லத்தாய் என் காதருகில் சொன்னார்: "தண்ணிக்குழாய் சரிவுக்குக் கீழ இருக்குக்கா. அங்க எறங்கி எத்தனையோ நாளாச்சு. ஈரத்துணியால தொடச்சுக்கிடும்." அட்டையில் 'தானாக' என்று இருந்தது. இதிலும் தவறில்லை.

படியை வாசலில் வைத்தேன். பேச்சியம்மாள் அதைச் சுற்றிப் பார்த்தார். "பஸ்ஸக் காணோம். படிய மட்டும் கொண்டாந்திருக்கீக."

லயமே சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் கங்காணி அங்கே வந்திருக்க வேண்டும். லயத்து ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுவது அவர். காலியாகும் அறையை யாருக்கு என்று சொல்வதும் அவர்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன பேச்சி, காலு நிக்குதா? புதுசா ரெண்டு குடும்பம் கூரையில்லாம கெடக்கு, தெரியுமில்ல?"

பேச்சியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. சேலையை இடுப்பில் செருகினார். வலது காலைப் படியில் வைத்தார். உடம்பு மேலே வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு எம்பு எம்பினார். ஏறிவிட்டார். எதையும் பிடிக்கவில்லை. நின்றார். இறங்கினார்.

"நிக்குது" என்றார் கங்காணியிடம்.

அவர் போனதும் பேச்சியம்மாள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு கறுத்திருந்தது. வெகு நேரம் பேச்சு வரவில்லை. செல்லத்தாய் முதுகைத் தடவிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். என் கையில் பென்சில். அட்டையில் ஒரு கட்டம். ஏறினாரா, இல்லையா.

மூச்சு திரும்பியதும் பேச்சியம்மாளே கேட்டார். "ஏறலேன்னு எழுதுனா அந்தாளு ரூமக் கேப்பான். ஏறிட்டேன்னு எழுதுனா ஜீப்பு போயிரும்னு செல்லத்தாயி சொல்லுது. நீ எத எழுதப் போற தாயி?"

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணுக்கு முன்னால் ஏறிய ஒருவரை ஏறவில்லை என்று எழுதினால் ஜீப் காப்பாற்றப்படலாம். ஆனால் அந்த அட்டைக்கும், அதன் பிறகு அந்தப் பெட்டியிலுள்ள எந்த அட்டைக்கும் மதிப்பிருக்காது. ஏறினார் என்று எழுதினால் அது பொய் இல்லை. ஆனால் நான் அளந்தது கால்பலத்தையா, கங்காணி பயத்தையா? குளியல் கேள்வியில் வீட்டை அளந்தோம். இதில் பார்த்துக்கொண்டு நிற்பவரை அளந்திருக்கிறோம். கேள்விக்குப் பதிலாகப் பலகையை வைத்ததில் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நினைத்த எனக்கு, யார் முன்னால் கேட்கிறோம் என்பதும் கேள்வியின் பகுதி என்று அப்போதுதான் தெரிந்தது.

"இதை நான் கணக்கிலேயே சேர்க்கப் போறதில்லை" என்றேன். "இன்னொரு தடவை, வேற இடத்திலே பாக்கணும். வர முடியுமா?"

"எங்க?"

செல்லத்தாய் முந்திக்கொண்டார். "என் ரூமுக்கு. பொம்பளைகளைப் பாக்குற எடம். அங்க கங்காணி என்ன, மொதலாளியே வந்தாலும் வாசல்ல நிக்க வேண்டியதுதான்."

கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் அந்தச் சின்ன அறையில், திரைக்குப் பின்னால், அடுத்த சில நாட்கள் படி இருந்தது. தோட்டத்து வயதான பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அங்கே யாரும் பல்லைக் கடிக்கவில்லை. பேச்சியம்மாள் காலை வைத்துப் பார்த்துவிட்டு, "வேணாம் தாயி" என்று எடுத்துக்கொண்டார். அவரைப் போல நிறையப் பேர். ஆண்களை, ஜீப்புக்குப் பின்னால் கட்டிய திரைக்குள்ளே, டாக்டர் படியில் ஏற்றிப் பார்த்தார். ஏறியவர்களுக்கும் ஒரு கட்டம் கூட்டினேன்: ஏறி இறங்கிய உடனே, வீட்டு ஆட்களின் பெயரை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று.

பெட்டியில் இருந்த பழைய அட்டைகளில், வராதவர்களைப் பற்றிச் செல்லத்தாயிடம் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்: "ஊருக்குப் போயாச்சு." கம்பம், போடி, சங்கரன்கோவில் பக்கம். எங்கள் பொது விதிப்படி 'இடம் பெயர்ந்தவர்' என்று அவர்களை இரண்டு ஆய்விலிருந்தும் நீக்கியிருந்தோம்.

"எதுக்காகப் போனாங்க?"

"என்னக்கா கேள்வி? காலு போனா வேலை போகும். வேலை போனா ரூம் போகும். காலு நல்லா இருக்கிறவங்க எதுக்கு ஊருக்குப் போறாங்க?"

கொழிஞ்சாம்பாறையில் கால் போனவர் வீட்டிலேயே கட்டிலில் இருப்பார். எங்கள் அட்டையிலும் இருப்பார். மலையில் கால் போனவர் அட்டையை விட்டே போய்விடுகிறார். மிச்சம் இருப்பவர்களைப் பார்த்துவிட்டு மலைக்காற்று என்று சொல்லியிருக்கிறோம்.

சமவெளியிலும் அதே படியை, அதே விதியோடு வைத்துப் பார்த்தோம். நாச்சிமுத்து மகன் முன்னால், "அவங் கையப் புடிச்சுத்தானுங்க ஏறுவேன்" என்றார். மகனைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டுக் கேட்டதும், ஏறி இறங்கிவிட்டு, வேண்டுமானால் என்னையும் தூக்கிக்கொண்டு ஏறுவதாகச் சொன்னார்.

புதிய கணக்கில் அடுக்குகள் இடம் மாறின. அதோடு மூன்றாவதாக ஒரு அடுக்கு இருந்தது: ஊருக்குப் போனவர்கள். அவர்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதை நீக்காமல் அப்படியே அறிக்கையில் வைத்தேன். சார் பழைய தட்டச்சுத் தாள்களை எடுத்து, பின்பக்கம் எழுதிக்கொள்ள எனக்கே கொடுத்துவிட்டார்.

திருவனந்தபுரத்திலிருந்து வந்த அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். மலையாளத்தில் பேசினார், பொருளைத் தமிழில் தருகிறேன்.

"எனக்கு வேண்டியது ஒரே பதில். ஜீப் எங்கே போகணும்?"

சார் என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு."

"படிக் கணக்கில் மலைக்காரர்கள்தான் தளர்ந்திருக்கிறார்கள்" என்றேன். "ஆனால் அது இருப்பவர்கள் கணக்கு. போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாது. அது தெரியாமல் ஜீப்பை நகர்த்தலாம் என்று இந்த அறிக்கையை வைத்துச் சொல்ல முடியாது."

"தெரியாது என்று சொல்வதற்கா இரண்டு ஆய்வு?"

பதில் சொன்னது அவசரக்காரரான எங்கள் சார்தான். "ஒரு ஆய்வு மட்டும் இருந்திருந்தா, தெரியாதுங்கறதே தெரிஞ்சிருக்காது. ரெண்டு இருந்தும், இவ நேரிலே போய்ப் பாக்கலேன்னா மலைக்காத்துன்னு எழுதி அனுப்பியிருப்பேன். தட்டச்சுகூட ஆச்சு."

அதிகாரி சிரிக்கவில்லை. அடுத்த சுற்று வரைக்கும் ஜீப் மலையில் இருக்கட்டும், அதற்குள் போனவர்களைத் தேடிப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று குறிப்பெழுதினார். போகும்போது படியைக் காட்டச் சொன்னார். காட்டினோம். ஏறிப் பார்த்தார். மூச்சு வாங்கியது. அதைக் குறித்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

உங்களுக்கு இதில் பாடம் என்று ஏதாவது வேண்டுமென்றால், அது படி இல்லை. எனக்குப் பின் வந்த பலர் அந்தப் படியை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில், யார் முன்னால் வைக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டார்கள். இன்று உங்கள் கணினியில் இரண்டு கோப்புகளின் தலைப்பு ஒத்துப்போனால் ஒரு நொடியில் சேர்ந்துவிடுகின்றன. தலைப்பு ஒத்துப்போகும் இடத்தில்தான் நான் நின்று பார்ப்பேன். ஒத்துப்போகாத இடத்தை எப்படியும் எல்லோரும் பார்ப்பார்கள்.

அடுத்த சுற்றில் வண்டன்மேட்டுக்குப் போனபோது, லயத்தின் கடைசி அறை வாசலில் வேறு யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே கைக்குழந்தை அழுதது.

"ஊருக்குப் போயாச்சு" என்றார் செல்லத்தாய். "மழைக்கு முந்தி. ஸ்டோர்ல உக்காந்தவ எந்திரிக்க முடியல. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லாமப் போச்சு."

"மாத்திரை?"

"ஜீப்புல வருதில்ல. வாங்கிப் பொட்டலம் கட்டி, வாராவாரம் கம்பம் பஸ்ஸுல குடுத்து விட்டுருவேன். நீங்க பாவாடை தைக்கிறேன்னு சொன்னீங்களாமே, அந்தக் கண்டக்டர்தான். நிலையத்துல பேச்சியம்மாவோட தம்பி மக வந்து வாங்கிக்கிடும்."

படியை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கம்பத்துக்கு இறங்கினேன். ஊரைத் தாண்டி வாய்க்கால் கரையோரம் தம்பி மகளின் வீடு. பக்கத்தில் இறக்கிய ஒரு கீற்றுச் சாய்ப்பில் பேச்சியம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தார். கால் வீக்கம் இருந்தது, முகம் தெளிவாக இருந்தது. தம்பி மகள் சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து அவர் காலை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னத் தேடியா இம்புட்டுத் தூரம் வந்த?" என்றார்.

"உங்க வருசக் கணக்கு பாக்கி இருக்கே."

நான் படியைக் கீழே வைத்தேன். தம்பி மகளை வெளியே போகச் சொல்ல வாயெடுத்தேன். பேச்சியம்மாள் கையமர்த்தினார். படியைப் பார்த்தார், எழுந்திருக்க முயலவே இல்லை.

"அவ இருக்கட்டும். ஏறலேன்னே எழுதிக்கோ தாயி. இங்க யாரும் ரூமு கேக்க மாட்டாக."